சின்னம், லோகோ, கரைவேட்டி, சுவர்: கொங்கு வட்டாரத் தேர்தல் வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கம் தேர்தல் வேலை எடுக்கும் டிசைனர்கள், பிரிண்டிங் கடை வைத்திருப்பவர்கள், முதல்முறை நிற்கும் வேட்பாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்தக் கட்சிக்கு வேலை செய்தாலும் பதில் ஒன்றுதான்.

சின்னமும் லோகோவும் ஒண்ணுதானுங்களே, எதுக்குத் தனித்தனியா காசு கேக்கறீங்க?

ஒன்றல்ல. சின்னம் தேர்தல் ஆணையத்துக்குச் சொந்தம். 1968-ல் வந்த தேர்தல் சின்னங்கள் ஆணைப்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தனியாக ஒதுக்கிய சின்னங்கள் உண்டு. மற்றவர்களும் சுயேச்சைகளும் ஆணையம் வெளியிடும் பட்டியலிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு கோட்டைக்கூட நாம் மாற்ற முடியாது. லோகோ, கொடி, எழுத்து, நிறம் ஆகியவை கட்சியோ வேட்பாளரோ தாமே அமைத்துக்கொள்பவை. கொடிக்கு ஆணையம் ஒப்புதல் எதுவும் தருவதில்லை. 2024 ஆகஸ்டில் தமிழக வெற்றிக் கழகம் இரண்டு யானைகளும் வாகைப் பூவும் உள்ள கொடியை வெளியிட்டபோது, யானை தங்கள் சின்னம் என்று பகுஜன் சமாஜ் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. கொடியில் இருப்பதும் வாக்கு இயந்திரத்தில் இருப்பதும் வேறு வேறு என்ற வேறுபாடு அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

கோவை தெற்குத் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் அங்கே நின்ற மக்கள் நீதி மய்யத்தின் லோகோவில் கோத்த கைகளும் நடுவில் நட்சத்திரமும் இருக்கும். நல்ல வேலைப்பாடு. ஆனால் இயந்திரத்தில் இருந்தது டார்ச் லைட். கமல் ஹாசன் 1,728 வாக்குகளில் தோற்றார். தோல்விக்கு வடிவமைப்பு காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு உருவங்களைச் சுமக்கும் கட்சி, லோகோவைப் பார்த்த கண்ணைச் சின்னத்தை நோக்கித் திருப்ப இரட்டிப்பு வேலை செய்தாக வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

அப்படீன்னா வேலையை எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வாக்குச்சாவடிக்குள், இயந்திரத்தின் தாளில் சின்னம் இருக்கும் அந்தக் கட்டத்திலிருந்து. சட்டமன்றத் தேர்தல் என்றால் இளஞ்சிவப்புத் தாள், நாடாளுமன்றம் என்றால் வெள்ளைத் தாள். அதில் பெயர், வேட்பாளர் படம், கறுப்பு மையில் சின்னம். 2015-லிருந்து படம் சேர்ந்தது. 2025 பீகார் தேர்தலில் தொடங்கி அந்தப் படம் வண்ணத்தில் வருகிறது. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு 7 நொடிகள் தெரிந்து மறைகிறது. அதிலும் வரிசை எண், பெயர், சின்னம். எல்லாம் கறுப்பு வெள்ளை.

நீங்கள் மூன்று வாரம் ஊரெல்லாம் காட்டிய நிறம், கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறுவது), நிழல், பளபளப்பு எதுவும் அந்த அறைக்குள் வராது. சின்னம் என்று வருவது கட்டைவிரல் அகலத்தில் ஒரு கறுப்பு உருவம் மட்டும்தான். அதனால் எந்தத் தேர்தல் வேலையிலும் நான் முதலில் செய்வது, சின்னத்தை அந்த அளவுக்குச் சுருக்கிக் கறுப்பில் அச்சடித்து மேசையில் வைப்பதுதான். போஸ்டரில் இருக்கும் சின்னமும் அதுவும் ஒரே உருவமாகத் தெரியவில்லை என்றால் போஸ்டர் தப்பு. சிலர் சின்னத்துக்கு முப்பரிமாணம் கொடுக்கிறார்கள், தங்க முலாம் பூசுகிறார்கள், சாய்த்து வைக்கிறார்கள். கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கும் எழுபது வயது அம்மா அந்தத் தங்கப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு சாவடிக்குள் போவார். அங்கே அது இருக்காது. அவருக்கு நாம் செய்யும் துரோகம் அது.

இந்தச் சின்னங்களை எல்லாம் யாருங்க வரைஞ்சாங்க?

1951-52 முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, பெட்டிமேல் சின்னம். படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க அந்த ஏற்பாடு. பின்னர் ஆணையத்தில் ஓவியராக இருந்த எம்.எஸ். சேத்தி பென்சிலில் வரைந்த பொருள்கள்தான் இன்றும் சுயேச்சைச் சின்னப் பட்டியலில் பெரும்பகுதி. அவர் 1992-ல் ஓய்வு பெற்றார். ஆட்டோ, மின்விசிறி, கேஸ் சிலிண்டர், தென்னந்தோப்பு என எல்லாம் வீட்டிலும் தெருவிலும் தோட்டத்திலும் பார்ப்பவை. ஒரு பொருளை எந்தக் கோணத்தில் பார்த்தால் சட்டென்று தெரியும் என்பதை அந்தக் கோட்டோவியங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். டிசைன் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை அந்தப் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் காங்கேயம் காளைதான் சின்னமா வேணும். கிடைக்குமா?

கிடைக்காது. புதிதாகச் சின்னம் கேட்கும் கட்சிகளுக்கு விலங்கு, பறவை உருவங்களை ஆணையம் தருவதில்லை. பிரசாரத்தில் உயிருள்ள விலங்குகளை ஊர்வலமாக இழுத்துச் சென்று வதைத்ததால் வந்த கட்டுப்பாடு அது. 1989-ல் அ.தி.மு.க. பிரிந்திருந்தபோது ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. அது அந்தக் காலம். மதச் சாயல் உள்ள உருவமும் கிடையாது, வேறு கட்சியின் சின்னம்போல இருப்பதும் கிடையாது.

லோகோவில் காளையை வைக்கத் தடையில்லை. ஆனால் நம் பக்கத்தில் லோகோ கேட்டு வருபவர்களில் பலர் காளை, தென்னை, மஞ்சள், தறி, பல்சக்கரம், லாரி, கோழி எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் கேட்கிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. பொள்ளாச்சிக்காரருக்குத் தென்னை, ஈரோட்டுக்காரருக்கு மஞ்சள், நாமக்கல்காரருக்கு முட்டையும் லாரியும், கோவைக்காரருக்கு மோட்டார் பம்பு. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் காரின் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்கு அந்த வட்டம் சுருங்கும்போது உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காளை என்றால் முழுக் காளை வேண்டாம். திமிலும் கொம்பும் சேரும் அந்த ஒரே கோடு போதும். நம் ஊரில் பிறந்த எவருக்கும் அது காங்கேயம் என்று தெரியும். மற்றதை எல்லாம் வேட்பாளர் பேச்சில் சொல்லட்டும்.

சின்னம் கடைசி நேரத்தில்தானே தெரியும்? அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதா?

சுயேச்சைகளுக்கு வேட்புமனு திரும்பப்பெறும் கடைசி நாளில்தான் சின்னம் உறுதியாகும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அது மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பிரசாரம் முடிந்தது ஏப்ரல் 17 மாலை. கையில் இருந்தது 18 நாள்தான். கட்சிகளுக்கும் இந்த நெருக்கடி வரும். 2019-லும் 2021-லும் கரும்பு விவசாயியில் நின்ற நாம் தமிழர் கட்சி 2024-ல் மைக்குக்கு மாற வேண்டியிருந்தது. ஐந்தாண்டு வரைந்த சுவர்கள் அத்தனையும் பழசாகிவிட்டன.

எனவே சின்னம் இல்லாமலேயே முடிக்கக்கூடிய வேலையை முன்கூட்டி முடித்துவிடுங்கள். வேட்பாளர் பெயரின் எழுத்துரு, நிறம், படம், பக்க அமைப்பு ஆகியவற்றை வைத்து, சின்னத்துக்கு ஒரு சதுர இடம் காலியாக விட்டு, எல்லா அளவிலும் ஃபைல் தயாராக இருக்க வேண்டும். அந்தச் சதுரம் எப்போதும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு விகிதத்தில். சின்னம் வந்த அன்று இரவே அச்சகத்துக்குப் போய்விடலாம்.

சின்னம் கேட்கும்போது மூன்று விருப்பம் எழுதச் சொல்வார்கள். அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி வேட்பாளரிடம் சொல்லி வையுங்கள். கையால் சைகை காட்ட முடிகிற, பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிகிற, பெயிண்டர் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடக்கூடிய பொருள் நல்லது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக நின்று பிரஷர் குக்கர் சின்னத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தொகுதிக்குப் புதிய சின்னம்தான். ஆனால் எல்லா வீட்டு அடுப்படியிலும் இருக்கிற பொருள்.

நிறம் எத்தனை வைக்கலாம்?

இரண்டு. மிஞ்சினால் வெள்ளையோடு சேர்த்து மூன்று. இதில் நான் பிடிவாதக்காரன். காரணம் நம் ஊரின் தொழிலிலேயே இருக்கிறது.

உங்கள் நிறம் மூன்று இடத்தில் பிழைக்க வேண்டும். முதலாவது தறி. கரைவேட்டியின் கரை துணியின் நீளவாக்கில் ஓடுகிறது. அதாவது நிறத்தைப் பாவு நூலிலேயே முடிவு செய்கிறார்கள். கரையில் கோடுதான் வரும், படம் வராது. தி.மு.க. கரை கறுப்பும் சிவப்பும். அ.தி.மு.க. கரை நடுவே வெள்ளை சேர்ந்தது. சந்தையில் கூட்டத்துக்கு நடுவே நடந்து போகிறவரின் கணுக்காலைப் பார்த்தே கட்சி தெரிகிறது. ஒரு எழுத்தும் இல்லை, ஒரு உருவமும் இல்லை. உலகத்தில் இவ்வளவு சிக்கனமான அரசியல் அடையாளம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அதன் கொடி கறுப்புக்கு நடுவே சிவப்பு வட்டம். அந்த இரண்டு நிறமும் பிரிந்து வந்த கழகங்களின் கொடிகளிலும், அங்கிருந்து கரைக்கும் இறங்கியிருக்கின்றன. தலைமுறை கடந்து நிற்பதற்குக் காரணம், எந்தச் சாயப்பட்டறையிலும் கிடைக்கும் இரண்டு நூல்களில் அது நின்றதுதான்.

இரண்டாவது திருப்பூர் பிரிண்டிங் டேபிள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஐந்து நிற லோகோ என்றால் ஐந்து ஸ்கிரீன், ஐந்து முறை தேய்ப்பு, ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு. கறுப்பு, சிவப்புத் துணியில் அடிக்கும்போது அடியில் வெள்ளை போட வேண்டும், இல்லாவிட்டால் மேல் நிறம் மங்கிவிடும். அதற்கும் ஒரு ஸ்கிரீன். அவசரத்தில் பத்தாயிரம் துண்டு அடிக்கும்போது இந்தக் கூடுதல் நிறம் ஒவ்வொன்றும் காசும் நேரமும். கிரேடியன்ட் உள்ள லோகோவைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தால் அவர் தன் வசதிக்கு அதைப் புள்ளியாக உடைப்பார். நீங்கள் வரைந்தது ஒன்று, ஊரில் பறப்பது வேறொன்று.

மூன்றாவது டிஜிட்டல் பிரிண்ட். இங்கே எத்தனை நிறமும் அடிக்கலாம் என்பதால்தான் டிசைனர்கள் கெட்டுப்போகிறோம். ஃப்ளெக்ஸைக் கண்முன் வைத்துக்கொண்டே லோகோ வரைகிறோம். தறியையும் ஸ்கிரீனையும் தாண்டிவிட்டால் ஃப்ளெக்ஸில் தானாகவே நன்றாக இருக்கும். எதிர்த்திசையில் போனால் வராது.

இன்னொன்று, ஷேடு. ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் லேப் டிப் (முன்கூட்டிச் சாயமிட்டுக் காட்டும் மாதிரித் துணி) பார்க்காமல் சாயத்துக்கு ஒப்புதல் தர மாட்டார்கள். கட்சி வேலைக்கு மட்டும் "அந்த மஞ்சள்தாங்க" என்று போனிலேயே சொல்லி முடித்துவிடுகிறோம். சாயமிடும் லாட் மாறினால் ஷேடு மாறும். ஈரோட்டில் நெய்த துண்டும் திருப்பூரில் அடித்த தொப்பியும் ஒரே மேடையில் இரண்டு மஞ்சளாக நிற்கும். ஒரு துணித்துண்டைச் சாயமிட்டு, ஒப்புதல் வாங்கி, அதையே வெட்டி எல்லாக் கடைக்கும் கொடுங்கள். நிறத்தின் கோட் நம்பரைவிட அந்தத் துணித்துண்டு நம்பகமானது.

வேட்பாளர் படம் போட்ட டி-சர்ட் ஊருக்கே கொடுக்கலாமுங்களா? திருப்பூர்ல சல்லிசா அடிச்சுத் தரேங்கறாங்க.

கூடாது. தொப்பி, முகமூடி, தோளில் போடும் துண்டு போன்றவை கணக்கில் காட்டினால் அனுமதி. புடவை, வேட்டி, சட்டை, டி-சர்ட் போன்ற உடைகளைக் கட்சியோ வேட்பாளரோ வாங்கிக் கொடுப்பது வாக்காளருக்கு லஞ்சம் என்ற கணக்கில் வரும் என்பது ஆணையத்தின் நிலை. ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனிக்காரர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சரக்கு வழியில் பிடிபட்டால் நஷ்டம் அவர்களுக்கும்தான்.

எங்க கட்சி வேற, நிக்கறது கூட்டணிக் கட்சியோட சின்னத்தில். லோகோவில் எதை முன்னால வைக்கறது?

நம் வட்டாரத்தில் இது அடிக்கடி வரும் நிலைமை. நாமக்கல்லில் 2019-லும் 2024-லும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியினர் உதயசூரியனில்தான் வென்றார்கள். 2021-ல் திருச்செங்கோட்டிலும் அப்படியே. 2019-ல் ஈரோட்டில் ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தியும் உதயசூரியனில் நின்றார்.

கட்சிக் கொடியின் நிறத்தைப் பின்னணிக்கும் வேட்பாளர் பெயருக்கும் கொடுத்துவிடுங்கள். சின்னம் நிற்கும் இடம் வெள்ளை. அதைத் தொந்தரவு செய்யும் எந்த உருவமும் அருகில் வேண்டாம். சொந்தக் கட்சி லோகோவைச் சின்னத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் வைத்தால், "எதைப் பாத்து அமுத்தறது?" என்று கேட்பார்கள். கட்சித் தொண்டர்களுக்கு மனவருத்தம் வரும். அதை வேட்பாளரிடம் முதல் நாளே நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

2019-ல் இதைவிட நுட்பமான ஒரு சிக்கல். கோவைத் தொகுதியில் மார்க்சிஸ்ட், திருப்பூர்த் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட், இரண்டும் ஒரே கூட்டணி. பல்லடம் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும் கோவை நாடாளுமன்றத் தொகுதியில் சேர்ந்தது. பல்லடத்தார் தேட வேண்டியது அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். சில கிலோமீட்டர் தள்ளி திருப்பூர் நகரத்தார் தேட வேண்டியது கதிர் அரிவாள். இரண்டிலும் அரிவாள், இரண்டும் சிவப்பு. இப்படிப்பட்ட எல்லையில் நிறத்தையும் கொடியையும் நம்ப முடியாது. வேறுபடும் பாகத்தைத்தான் பெரிதாகக் காட்ட வேண்டும்: ஓரிடத்தில் சுத்தியலும் நட்சத்திரமும், இன்னோரிடத்தில் கதிர். எந்த ஊருக்கு எந்த பண்டல் போகிறது என்று மூட்டையின்மேல் தொகுதிப் பெயரை எழுதி அனுப்புவதும் வடிவமைப்பு வேலையின் ஒரு பகுதிதான்.

வேட்பாளர்கள் நிறையப் பேர் இருந்தால் என்ன செய்யறது?

மொடக்குறிச்சியைவிடப் பெரிய பாடம் இதற்கு இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகளின் கோரிக்கைகளை நாடு திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நடந்த போராட்டம் அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலும் தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். அதன்பின் 5,000 ஆகி, இப்போது 10,000.

இப்போது ஒரு வாக்கு இயந்திர அலகில் 16 இடம். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள், நோட்டாவோடு 78. ஐந்து அலகுகளை வரிசையாக வைத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில் வரும், பிறகு மற்ற பதிவுபெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். நீங்கள் சுயேச்சைக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் உங்கள் ஆள் மூன்றாவதோ நான்காவதோ அலகில் இருக்கலாம். அந்த இறுதி வாரத்தில் "எத்தனையாவது பெட்டி, மேலிருந்து எத்தனையாவது" என்பதைச் சின்னத்துக்கு அடுத்த பெரிய தகவலாக மாற்றிவிடுங்கள். முழக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை இதற்குக் கொடுங்கள். மாதிரி இயந்திரம் செய்து காட்டலாம். ஆனால் அசலில் பாதி அளவில், பழுப்பு, மஞ்சள், சாம்பல் ஆகிய நிறங்களில் ஒன்றில் இருக்க வேண்டும்.

ஒரே பெயரில் பலரை நிறுத்துவதும் நடக்கிறது. 2024-ல் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். அப்படி நடந்தால் பெயரைச் சிறிதாக்கி, இயந்திரத்தில் வரும் அதே புகைப்படத்தையும் சின்னத்தையும் ஒட்டி வைத்துப் பெரிதாகக் காட்டுங்கள். போஸ்டரில் பத்து வருடம் முந்தைய படம், மனுவில் இன்றைய படம் என்ற பழக்கம் இந்த இடத்தில் ஆபத்து.

தமிழ் எழுத்துரு எது நல்லது?

காசில்லாமல் உரிமச் சிக்கல் இல்லாமல் கிடைப்பவற்றில் பலூ தம்பி, முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் பெரிய அளவில் நன்றாக நிற்கின்றன. தடித்த எடையில் 'ண', 'ஞ', 'கூ' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். துணியில் இன்னும் மோசம். எனவே வேட்பாளர் பெயரில் அத்தகைய எழுத்து இருந்தால் சுழியைக் கையால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். பெயருக்கு மட்டும் செய்தால் போதும், முழு எழுத்துருவையும் தொட வேண்டாம்.

நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் கோரல் டிராவும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி காலத்து எழுத்துருக்களும்தான். யூனிகோடில் அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறி அச்சாகிவிடும். எழுத்தை எல்லாம் கர்வ் போட்டு (அதாவது எழுத்துருவே தேவைப்படாத கோட்டுருவமாக மாற்றி), கூடவே ஒரு பி.டி.எஃப். வைத்து அனுப்புங்கள். பெயர் தப்பாக அச்சான இருபதாயிரம் நோட்டீஸை எந்த விளக்கத்தாலும் சரிசெய்ய முடியாது.

சுவர் விளம்பரத்துக்குத் தனியா வரையணுமா?

ஆமாம். பெயிண்டருக்கு ஜே-பெக் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கட்டம் போட்ட ஒரு படம் கொடுங்கள்: அகலம் இத்தனை கட்டம், உயரம் இத்தனை, சின்னம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் நூல் பிடித்து அவர் அதை எந்த அளவுக்கும் ஏற்றிவிடுவார். அரை நூற்றாண்டாக நம் ஊர்க் கட்சி அடையாளங்களை உண்மையில் காப்பாற்றியவர்கள் இந்தப் பெயிண்டர்கள். உதயசூரியனின் கதிர், இரட்டை இலையின் நரம்பு எத்தனை வரவேண்டும் என்று கேட்டால் பார்க்காமல் சொல்வார்கள். உங்கள் வடிவத்தில் அவர்களுக்குக் கை வராத இடம் எது என்று கேட்டு அதை மாற்றுங்கள். நான் பார்த்தவரை அவர்கள் சொல்லும் திருத்தம் ஒவ்வொன்றும் லோகோவை எளிமையாக்கியிருக்கிறது.

பொது இடங்களை விகாரப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. அரசுச் சுவர், பாலம், மின்கம்பம் எதையும் தொடக் கூடாது. தனியார் சுவருக்கும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் உத்தரவைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெரிய கட்-அவுட், அலங்கார வளைவு வைக்கச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?

முடியாது என்று சொல்லுங்கள். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக அமைத்த வளைவை ஒட்டி நடந்த விபத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2023-ல் கருமத்தம்பட்டி அருகே விளம்பரச் சட்டம் சரிந்து அதை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மூவர் இறந்தனர். நாம் வரைந்த ஒன்று ஒருவர் தலையில் விழுவதற்கு இடம் கொடுக்கும் வேலையை ஏற்கக் கூடாது. கரூரிலும் ஈரோட்டிலும் பருத்தித் துணி கிடைக்காத நாள் இல்லை. கையில் பிடிக்கும் துணிப் பதாகை மடித்து வைத்தால் அடுத்த தேர்தலுக்கும் ஆகும்.

தீரன் சின்னமலை படம் போடலாமா?

ஓடாநிலையிலிருந்து எழுந்து கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து, 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட வீரர். அவரை மதிப்பது வேறு, ஒரு சாதியின் அடையாள அட்டையாக அவரை அச்சடிப்பது வேறு. மதம், சாதி, இனம் ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு. வாக்காளரின் சாதியைச் சுட்டினாலும் அப்படித்தான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. படத்தோடு சாதிப் பட்டமும் சேர்த்து முழக்கம் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே பிரிவு தேசியக் கொடிக்கும் தேசியச் சின்னத்துக்கும் பொருந்தும். மூவர்ணத்தை நடுவில் சக்கரத்தோடு அப்படியே லோகோவில் வைக்காதீர்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு இவ்வளவும் தேவையா?

கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சாராதவை. கட்சிக் கொடி நிறமோ லோகோவோ தேவையில்லை. மாநிலத் தேர்தல் ஆணையம் தரும் சின்னமும் வேட்பாளரின் முகமும் போதும். 2019 ஊரகத் தேர்தலில் ஒரே வாக்காளர் கையில் நான்கு சீட்டு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். தலைவர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அடித்தால் "இளஞ்சிவப்புச் சீட்டு" என்பதைச் சின்னத்தோடு சேர்த்துச் சொல்வது மிகப் பெரிய உதவி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் செலவு செய்து பிராண்டிங் தேட வேண்டாம்.

ஏ.ஐ. வைத்துப் படம் செய்யலாமா?

செய்தால் அதில் செயற்கையாக உருவாக்கியது என்ற குறிப்பு இருக்க வேண்டும். காணும் பரப்பில் குறைந்தது 10 சதவீத அளவில் அது தெரிய வேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆணையம் கூறியது. மறைந்த தலைவர்கள் வேட்பாளரின் தோளில் கைபோடும் படங்களை நான் செய்வதில்லை.

பில், காசு, அச்சகப் பெயர் விஷயமெல்லாம்?

போஸ்டர், நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தரும் உறுதிமொழியில் இரண்டு பேரின் சான்று வேண்டும். மீறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "அடியில் அழகைக் கெடுக்குது" என்று அந்த வரியை எடுக்கச் சொல்லும் டிசைனர்கள் இருக்கிறார்கள். அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கி வடிவமைப்பதுதான் வேலை தெரிந்தவர் செய்வது.

சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். நீங்கள் அடிக்கும் துண்டும் தொப்பியும் மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் விலைப்பட்டியலின்படி அந்தக் கணக்கில் ஏறும். ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்குமேல் ரொக்கம் தரக் கூடாது. மீதி தேர்தலுக்காகத் திறந்த வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும். எனவே பில்லில் டிசைன் கூலி, ஸ்கிரீன், துணி, அச்சு, போக்குவரத்து என்று பிரித்து எழுதுங்கள். பாதி முன்பணம் வாங்காமல் ஸ்கிரீன் எடுக்காதீர்கள். மீதியை வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், பில்லின் நகல் ஒன்று அவருடைய ஏஜென்ட்டிடம் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.